சமரசமும் சொரசொரப்பும்

‘சமரசம்’ என்ற சொல்லுக்குத் தமிழில் கிடைத்திருக்கும் மரியாதை அளவுக்கு மீறியது என்று எனக்குப் படுகிறது. இரண்டு பேரோ இரண்டு கூட்டங்களோ பிரிந்து நின்றால் மூன்றாவது மனிதன் ஒருவன் வருகிறான். இரு பக்கமும் துருத்திக்கொண்டிருப்பதைத் தட்டி மழுக்குகிறான். இனி உரசாது என்று ஆனதும் காரியம் முடிந்துவிட்டதாகக் கலைந்துபோகிறோம். உரசல் நின்றதா என்பது ஒன்றே அளவுகோல். உரசல் நின்ற பிறகு பிடிப்பு இருக்கிறதா என்று எவரும் கேட்பதில்லை. பிரிந்தவை ஒன்றையொன்று எதைக்கொண்டு பிடித்துக்கொள்கின்றன என்பதை நான் ஓர் அறக்கேள்வியாகவே எடுத்துக்கொள்கிறேன். இதற்குச் சற்றுத் தெளிவான விடை எனக்குத் தத்துவ நூல்களில் கிடைக்கவில்லை. பாறைப் பிளவுகளின் உராய்வைப் பற்றிய படிப்பில் கிடைத்தது.

சமரசம் திருச்சிராப்பள்ளிக்குப் பழக்கமான சொல். மலைக்கோட்டை ஈசனின் பெயரையே தன் பெயராகக் கொண்ட தாயுமானவர், 18ஆம் நூற்றாண்டில் நாயக்கர் அரண்மனையில் கணக்கு வேலை பார்த்தவர் என்பது மரபு. வேதாந்தமும் சித்தாந்தமும் ஒன்றாகத் தெரிகிற ஒரு நிலையை அவர் அந்தச் சொல்லால் குறித்தார். அது ஒரு ஞானி தன் தவிப்பைக் கொடுத்து வாங்கிய அனுபவம். அதைக் கீழே இறக்கி, கொடுக்க எதுவும் இல்லாதவர்களும் அனுபவிக்கக்கூடிய சௌகரியமாக மாற்றியவர்கள் பின்னால் வந்த நாம்தான். ஆகவே என் சண்டை தாயுமானவரோடு இல்லை. அவர் பெயர் பெற்ற பாறையை முதலில் பார்க்கலாம்.

காவிரியின் தென்கரையில் 83 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது அந்தக் குன்று. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் அதன் மேற்பகுதியில் ஒரு குகைக்கோயில் குடைந்தான். மண்டகப்பட்டுக் கல்வெட்டில் செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் கோயில் செய்ததாகப் பெருமைப்பட்டுக்கொண்டவன் அவன். திருச்சிக் குகையும் அதே கனவில் பிறந்தது. எதையும் எதனோடும் சேர்க்க வேண்டாம். இருப்பதிலிருந்து வேண்டாததை நீக்கினால் போதும். தூண் கூரையோடு சேர்க்கப்படவில்லை, அது கூரையின் மிச்சம். கங்கையைச் சடையில் தாங்கும் சிவன் சுவரில் பதிக்கப்பட்டவன் இல்லை, அவன் சுவரின் மிச்சம். ஒருமை என்றதும் நம் மனம் போய் நிற்கும் இடம் இது: ஒருநாளும் உடைந்திராத ஒருமை.

அதே ஆற்றின் போக்கில் கிழக்கே, ஸ்ரீரங்கத் தீவு முடிகிற இடத்தில், இதற்கு நேர்மாறான ஒன்று கிடக்கிறது. கரிகாலன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கல்லணை. 19ஆம் நூற்றாண்டில் அதைப் பதிவுசெய்த பொறியாளர் பேர்ட் ஸ்மித், அது 1080 அடி நீளமும் 40 முதல் 60 அடி அகலமும் 15 முதல் 18 அடி ஆழமும் உள்ள, வளைந்து செல்லும் செதுக்காத கல்லின் திரள் என்கிறார். ஆழம் காணமுடியாத தளர்ந்த மணலில் அஸ்திவாரம் இடுவது எப்படி என்பதை இந்நாட்டுப் பழைய மனிதர்களிடம்தான் கற்றுக்கொண்டோம் என்று ஆர்தர் காட்டன் பிற்பாடு எழுதினார். மகேந்திரனின் குகையில் சேர்க்கை என்பதே கிடையாது. கல்லணையில் சேர்க்கையைத் தவிர வேறெதுவும் கிடையாது. அதன் கற்களில் ஒன்றுகூட மற்றொன்றோடு ஒரே உடலாக இருந்ததில்லை. இருந்தும் காவிரியின் வெள்ளங்களுக்கு எதிரே அது கிடந்தது. அதைக் கிடக்கவைத்தது எது? எடையும் சொரசொரப்பும்.

மலைக்கோட்டைப் பாறையின் ஒருமைகூட ஒரு தோற்றம்தான். எந்தப் பாறையும் பிளவில்லாமல் இல்லை. இத்தகைய குன்றுகள் மேலிருந்த பாரம் அரிக்கப்பட்டு நீங்கும்போது வெளிப்பரப்புக்கு இணையாகத் தகடு தகடாக விரிசல் விடும். விரிசல் விட்டு, ஆனால் இரு பக்கமும் நகராமல் அப்படியே நிற்கும் பிளவுக்கு நிலவியலில் ‘ஜாயின்ட்’ என்று பெயர். உடைந்த இடத்துக்கு மூட்டு என்று பெயர் வைத்த அந்த மொழிவழக்கை நான் நெடுநேரம் யோசித்திருக்கிறேன். உடைவு என்பது இரண்டு பக்கங்கள் முதல்முறையாக ஒன்றையொன்று தொடத் தொடங்குகிற இடமும் ஆகும். அதற்குமுன் அவை தொட்டுக்கொண்டிருக்கவில்லை. அங்கே இரண்டு இல்லை.

இனி விஷயத்துக்கு வரலாம். பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் கூலோம் 1773இல் பாரிஸ் அகாதெமியின் முன் வைத்த கட்டுரையில், ஒரு பொருள் தன்மேல் தானே வழுக்கிப் பிரியாமல் நிற்பதற்கு இரண்டு காரணங்களைத் தனித்தனியே பிரித்தார். ஒன்று ஒட்டுறவு: பொருளின் உள்ளே எப்போதும் இருப்பது, பாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாறாதது. மற்றது உராய்வு: மேலே பாரம் ஏற ஏறத்தான் பிறப்பது, பாரம் இல்லையென்றால் தானும் இல்லாதது. பாறை பிளந்ததும் முதலாவது போய்விடுகிறது. அது திரும்ப வராது. பிளந்த பிறகு உள்ள பிடிப்பெல்லாம் இரண்டாவது வகையைச் சேர்ந்தது. நம் சமரசக்காரர்கள் திரும்பக் கொண்டுவர முயல்வது முதலாவதை. “பழையபடி இருங்கள்” என்கிறார்கள். பழையபடி என்ற ஒன்று கல்லுக்கே கிடையாது.

உராய்வு மட்டும் மிச்சம் என்றால் அது எதைப் பொறுத்தது? தட்டையாக அறுத்துத் தேய்த்த கல்லை அதே மாதிரியான கல்லின்மேல் வைத்துச் சாய்த்தால், பெரும்பாலான பாறைகளில் 25இலிருந்து 35 பாகைக்குள் மேல்கல் வழுக்க ஆரம்பித்துவிடும். இயற்கையாகப் பிளந்த சொரசொரப்பான முகங்கள் அதைவிட மிக அதிகமான சாய்வையும் தாங்கி நிற்கின்றன. 1966இல் லிஸ்பனில் நடந்த பாறை எந்திரவியல் மாநாட்டில் பேட்டன் என்ற அமெரிக்கர் இதன் சூட்சுமத்தை எளிமையாகக் காட்டினார். ரம்பப்பல் மாதிரி பல் வைத்த பிளாஸ்டர் கட்டிகளை ஒன்றின்மேல் ஒன்று பொருத்தி, மேலே பாரம் ஏற்றிப் பக்கவாட்டில் தள்ளினார். பாரம் குறைவாக இருந்தபோது மேல்கட்டி பல்லின் சரிவில் ஏறி நகர்ந்தது. அதாவது, பக்கவாட்டில் நகர வேண்டுமானால் அது மேலே எழும்ப வேண்டியிருந்தது, தன் தலையிலுள்ள பாரத்தையும் தூக்கிக்கொண்டு. வழுவழுப்பான பரப்பின் உராய்வுக் கோணத்தோடு பல்லின் சாய்வுக் கோணமும் சேர்ந்துகொள்வதன் அர்த்தம் இதுதான். பாரம் மிக அதிகமானபோது எழும்ப முடியாமல் போய், பற்களை அறுத்துக்கொண்டு நகர்ந்தது.

பார்ட்டனும் சௌபேயும் 1977இல் இதை நிஜப் பாறைகளுக்குக் கொண்டுவந்தார்கள். பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள பத்துக் கோடுகளை, ஏறக்குறைய நேரானதிலிருந்து மிகக் கரடுமுரடானது வரை, வரிசைப்படுத்தி 0இலிருந்து 20 வரை எண் கொடுத்தார்கள். கையிலுள்ள பிளவின் விளிம்பை அந்தக் கோடுகளோடு வைத்து, எது மாதிரி இருக்கிறது என்று கண்ணால் பார்த்து எண்ணைத் தீர்மானிக்க வேண்டும். பின்னால் கணக்குவழிகளும் ஒளிக்கதிரால் பரப்பை அளக்கும் கருவிகளும் வந்தன. ஆனாலும் அந்தப் பத்துக் கோடுகள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. பொறியியலின் நடுமையத்தில், பழகிய கண்ணின் தீர்ப்புக்கு ஓர் இடம் விடப்பட்டிருக்கிறது. விமர்சனத்தில் ரசனையா அலசலா என்று நாம் அடித்துக்கொண்ட விவகாரத்தை இது தீர்த்துவைக்காது. ரசனை வெறும் அபிப்பிராயம் என்று முகம் சுளிப்பவர்கள் இதைச் சற்று யோசிக்கலாம்.

இந்தச் சோதனைகளில் என்னைப் பிடித்துக்கொண்டவை மூன்று. முதலாவது, பிடிப்பின் உச்சம் மிகச் சிறிய நகர்விலேயே வந்துவிடுகிறது. பிளவின் நீளத்தில் நூறில் ஒரு பங்கு அளவுக்கு நகர்ந்ததும் எதிர்ப்பு தன் உச்சத்தைத் தொட்டுவிடும். அதன்பின் பற்கள் ஒடிய ஒடியக் குறைந்துகொண்டே வந்து ஓர் எஞ்சிய வலுவில் நிற்கும். இரண்டாவது, ஒடிந்த பற்களின் பொடி இரு முகங்களுக்கும் நடுவே தங்குகிறது. பொடி போதிய அளவு தேங்கிவிட்டால் முகங்கள் ஒன்றையொன்று தொடுவதே நின்றுபோகும். இரண்டும் பொடியைத்தான் தொடுகின்றன. நெடுங்காலச் சண்டைக்காரர்களைக் கவனித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். முதலில் எதற்காகப் பிரிந்தார்கள் என்பது போய், யார் எந்தக் கூட்டத்தில் என்ன சொன்னார் என்பது மட்டும் நடுவில் கிடக்கும்.

மூன்றாவது எல்லாவற்றிலும் முக்கியமானது. சொரசொரப்பு தன்னளவில் பிடிப்பைத் தருவதில்லை. புதிதாகப் பிளந்த பாறையின் இரு முகங்களில், ஒன்றில் மேடு உள்ள இடத்தில் மற்றதில் பள்ளம் இருக்கும். அவை ஒரே உடைவின் இரண்டு பிரதிகள். அதே அளவு சொரசொரப்புள்ள வேறொரு முகத்தைக் கொண்டுவந்து வைத்தால் சில முனைகள் மட்டுமே தொடும், பாரமெல்லாம் அந்த முனைகளில் விழும், அவை நொறுங்கும். உரிய முகத்தையே கொஞ்சம் தள்ளிப் பொருத்தினாலும் இதே கதிதான். பிடித்துநிற்கும் முகம் முரட்டு முகம் என்பது மட்டும் போதாது. அது தன் உடைவின் வடிவத்தைக் கெடாமல் வைத்திருக்கும் முகமாகவும் இருக்க வேண்டும்.

இங்கே ஒரு தடை எழ வேண்டும். கல்லுக்கு அறம் கிடையாது. கல்லிலிருந்து மனிதனுக்குத் தாவுகிற உவமை மலிவான சரக்கு. எதையும் எதனாலும் நிரூபித்துவிடலாம். ஒப்புக்கொள்கிறேன். இந்த உவமை எதையும் நிரூபிக்கவில்லை. நம் மனத்தில் ஏற்கனவே குடியிருக்கும் இன்னொரு உவமையைத் தள்ளிவிடுவது மட்டுமே அதன் வேலை. வழுவழுப்பாக்கினால் சேரும் என்பதும் ஓர் உவமைதான். அது எங்கிருந்து வந்தது என்பதே மறந்துபோய், உண்மை என்ற அந்தஸ்தில் உட்கார்ந்திருக்கிறது. அது பௌதிகமாகவே பொய். இந்த அளவு போதும் எனக்கு. மிச்சத்தை மனிதர்களிடம்தான் பார்க்க வேண்டும்.

ஸ்ரீரங்கத்தையே எடுத்துக்கொள்ளலாம். ராமானுஜருக்குப் பின் வந்த பிளவில் கேள்வி பிடிப்பைப் பற்றியதாகவே இருந்தது. குரங்குக்குட்டி தாயைத் தன் கையால் இறுகப் பற்றிக்கொள்கிறது. பூனைக்குட்டியைத் தாய் கவ்விச் செல்கிறது. அருளுக்கு ஜீவனின் முயற்சி ஒரு துளியாவது வேண்டுமா, வேண்டாமா? பிள்ளை லோகாசாரியரும் வேதாந்த தேசிகரும் இருவேறு திசைகளில் இதை எடுத்துச் சென்றார்கள். பிற்காலத்தில் இது நாமத்தின் வடிவமாகவும் வழக்கு மன்றத் தகராறாகவும் சிறுத்தது என்பது தெரிந்ததே. அதைப் பொடி என்பேன். ஆனால் அந்தப் பொடிக்கு முன்னால் நடந்தது வேறு. பதினெட்டு பேதங்கள் என்று பிற்காலத்தவர் எண்ணிவைத்த அளவுக்கு ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு பள்ளம் இருந்தது. ஒருவர் எழுதியதற்கு மற்றவர் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பதில் சொல்ல ஒரு படி மேலே எழும்ப வேண்டியிருந்தது. மணிப்பிரவாள உரைநடையின் கூர்மை இப்படி உண்டானது. “இரண்டும் ஒன்றுதான்” என்று இன்று மேடையில் சொல்கிறவர் இரண்டையும் படிக்காதவராக இருப்பதைக் காண்கிறேன். அவருடைய சமரசத்துக்கு அறியாமைதான் மெருகெண்ணெய்.

நம் சிறிய உலகத்திலும் இதுதான். க.நா.சு.வும் சி.சு. செல்லப்பாவும் மணிக்கொடி என்ற ஒரே பாறையிலிருந்து வந்தவர்கள். ஒருவர் ரசனையின் நிச்சயத்தில் நின்றார், மற்றவர் வரி வரியாக அலசுவதில். செல்லப்பா 1959இல் ‘எழுத்து’ தொடங்கினார், க.நா.சு. 1963இல் ‘இலக்கிய வட்டம்’ தொடங்கினார். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் மாலை போட்டு உட்காரவைக்கும் நினைவுக் கூட்டங்களில், அவர்கள் எதில் மாறுபட்டார்களோ அது மட்டும் பேசப்படுவதில்லை. மாறுபாட்டை நீக்கியபின் மிஞ்சுவது இரண்டு நல்ல மனிதர்கள். நல்ல மனிதர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். தமிழ் விமர்சனத்தைத் தாங்கியது அவர்களுடைய நற்குணம் இல்லை.

பாரத்தின் விஷயம் இன்னும் மிச்சம் இருக்கிறது. பயர்லி என்பவர் 1978இல் ஏராளமான உராய்வு அளவீடுகளைத் தொகுத்துப் பார்த்து ஒன்றைச் சொன்னார். அழுத்தம் குறைவாக இருக்கும்போது பாறைக்குப் பாறை, பரப்புக்குப் பரப்பு உராய்வு பெரிதும் வேறுபடுகிறது. பூமிக்குள் ஆழத்தில் இருப்பதுபோன்ற பேரழுத்தத்தில் அந்த வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. எந்தப் பாறை, எவ்வளவு சொரசொரப்பு என்பதெல்லாம் பொருட்டில்லாமல் போகிறது. 1975 ஜூனிலிருந்து 1977 மார்ச் வரை இந்த நாட்டில் பத்திரிகைகள் எப்படி ஒரே குரலில் பேசின என்பதை நினைத்துக்கொள்ளலாம். பேரழுத்தத்தில் கிடைக்கிற ஒற்றுமை எதைப் பற்றியும் எதையும் சொல்வதில்லை. மறுகோடியில், 1959 டிசம்பர் 2ஆம் தேதி தெற்கு பிரான்சில் மால்பாசே அணை உடைந்தது. 400க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அணையின் இடது தோள் சாய்ந்திருந்த பாறையின் பிளவுகளுக்குள் நீர் புகுந்து, அதன் அழுத்தம் பாறைமுகங்களை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கிவிட்டது. எந்தப் பல்லும் முதலில் ஒடியவில்லை. முகங்களை அழுத்திக்கொண்டிருந்த பாரத்தை நீர் வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான். சேர்ந்து தூக்க எதுவுமில்லாதவர்களுக்கு அவர்களுடைய கருத்துகள் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் பிடிப்பு இருக்காது. இன்றைய நம் கருத்துவேற்றுமைகள் பலவும் ஏன் இவ்வளவு லேசாக வழுக்கிப்போகின்றன என்பதற்கு இதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

இனிக் கடினமான இடம். நான் சொல்லிவந்ததை அப்படியே ஒப்புக்கொண்டால் சாதியின் மேடுபள்ளங்களையும் பிடிப்பு என்று போற்ற வேண்டிவரும். ஒவ்வொருவனும் அவனவன் பள்ளத்தில் பொருந்தி நிற்பதால்தான் சமூகம் கலையாமல் நிற்கிறது என்று சொன்னவர்கள் இங்கே நிறைய உண்டு. பொறியாளனுக்கு வழுக்காமல் நிற்பது எப்போதும் நல்லது. அறத்துக்கு அப்படியில்லை. சில பிடிகள் விட்டாக வேண்டியவை. அந்த இடத்தில் என் கேள்வி மாறுகிறது: நகர்ந்தே தீர வேண்டிய ஒன்று எப்படி நகர வேண்டும்?

இதற்கான கதை உறையூரிலும் ஸ்ரீரங்கத்திலுமே இருக்கிறது. பாணர் குலத்தில் வளர்ந்த திருப்பாணாழ்வார் காவிரிக்கு இப்பாலே நின்று அரங்கனைப் பாடுகிறார்; கோயிலுக்குள் போக முடியாது. நீர் எடுக்க வந்த லோகசாரங்க முனிவர் வழிவிடச் சொல்கிறார். பாடுகிறவருக்குக் காது கேட்கவில்லை. ஒரு கல்லை எறிகிறார். நெற்றியில் இரத்தம். பிறகு அரங்கன் கட்டளைப்படி அந்த முனிவரே அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயிலுக்குள் போகிறார். பத்துப் பாசுரம் பாடி ஆழ்வார் அரங்கனோடு கலந்துவிடுகிறார்.

இந்தக் கதையில் இரண்டு வகை நகர்வு இருக்கிறது. ஒன்று, முனிவரின் தோள். “கல் விட்டது தவறு, இனி யாவரும் ஒன்று” என்று சொல்லி ஆற்றங்கரையிலேயே கை குலுக்கிப் பிரிய அவருக்கு அனுமதி இல்லை. எறிந்த கைக்கு உரிய உடம்பு பாரத்தைச் சுமந்தாக வேண்டும். எழும்பாமல் நகர முடியாது. ஆழ்வாருக்கு ‘முனிவாகனர்’ என்று ஒரு பெயர் நிலைத்தது. தேசிகர் அந்தப் பத்துப் பாசுரங்களுக்குச் செய்த உரைக்கு ‘முனிவாகன போகம்’ என்றே பெயர் வைத்தார். இது நேர்மையான பெயர். யார் யாரைச் சுமந்தார் என்று ஒவ்வொரு முறை உச்சரிக்கும்போதும் ஞாபகப்படுத்துகிறது; சுமக்க நேர்ந்தது ஏன் என்று கேட்கவும் வைக்கிறது. உடைவின் வடிவம் அந்தப் பெயருக்குள் கெடாமல் இருக்கிறது.

மற்றது, குருபரம்பரை நூல்கள் செய்த வேலை. ஆழ்வார் பாணர் வயிற்றில் பிறக்கவில்லை, கருவில் வாராதவராக நெற்பயிரின் நடுவே கிடந்தவர் என்றன. அப்படியானால் கோயிலுக்குள் போனது யார்? பாணன் போகவில்லை. கடைசியில் அவர் அரங்கனில் கலந்து மறைந்தும் விடுகிறார். மறுநாள் காலை அவர் எங்கே தங்குவார், எந்த வீட்டில் சாப்பிடுவார் என்ற சங்கடம் எவருக்கும் நேரவில்லை. தில்லையில் நந்தனாரைத் தீ வாங்கிக்கொண்டது. இரண்டிலும் பக்தி உண்மையாக இருக்கலாம், கவிதையும் உண்மையாக இருக்கலாம். கதையை இப்படி முடித்துக்கொண்ட சமூகத்தின் நிம்மதி உண்மையானதில்லை. எழும்பாமலே நகர்ந்துவிட்டதாகக் காட்டிக்கொள்ளும் வித்தை அது. இந்த வித்தைக்குத்தான் பிற்காலத்தில் சமரசம் என்று பெயர் விழுந்தது.

ஆகவே சாதியின் மேட்டைக் காப்பாற்றச் சொல்லும் வாதமும், அது இருந்ததே இல்லை என்று தேய்த்துவிடும் வாதமும் எனக்கு ஒன்றாகவே தெரிகின்றன. எழும்புகிற உழைப்பை இரண்டுமே மறுக்கின்றன. முதலாவது நகரவே மாட்டேன் என்கிறது. இரண்டாவது நகர்ந்தாயிற்று என்று பொய் சொல்கிறது. நகர வேண்டியதில் நகர்வதும் நிற்க வேண்டியதில் நிற்பதும் ஒரே நிபந்தனைக்கு உட்பட்டவை: உடைவு எங்கே ஓடுகிறது, அதன் மேடு எது பள்ளம் எது என்பதை இரு தரப்பும் துல்லியமாக அறிந்திருக்க வேண்டும். பத்துக் கோடுகளை வைத்துக்கொண்டு கண்ணை இடுக்கிப் பார்க்கும் அந்தப் பொறியாளனின் வேலை விமர்சகனுடையதும்தான். பிளவை உண்டாக்குவது அவன் தொழில் இல்லை, மூடுவதும் இல்லை. அதன் வடிவத்தைச் சரியாக வரைந்து வைப்பது மட்டும் அவனுடையது. வரைந்தபின் அவனை இரு பக்கத்தாரும் வெறுப்பார்கள் என்பது இந்த வட்டத்தில் உள்ள எவருக்கும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.